மேடையில் ஒன்றரை மணி நேரம், மீதியெல்லாம் சாலை: சதர்ன் ராக் குழுக்களின் டூர் எப்படி நடக்கிறது?

நாற்பது, ஐம்பது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கும் ஓர் அமெரிக்க ராக் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். டிக்கெட் 50 டாலர், நாற்காலி 2,500, பெருக்கினால் 1,25,000. "ஒரே ராத்திரியில இவ்வளவா!" பக்கத்தில் இருப்பவர், "அசல் ஆள் ஒருத்தர்கூட இல்ல, பேரை மட்டும் வச்சு ஓட்டுறாங்க" என்பார். இரண்டு பேச்சுமே டூர் என்பது என்ன மாதிரித் தொழில் என்று தெரியாததால் வருவது.

டூரைக் கொண்டாட்டமாக நினைப்பதை விட்டுவிட்டுச் சரக்குப் போக்குவரத்தாக நினைத்துப் பாருங்கள். லாரி முதலாளிக்கு எவையெல்லாம் கவலையோ அவைதான் இங்கேயும் கவலை: அடுத்த லோடு எங்கே, எத்தனை கிலோமீட்டர், ஓட்டுநர் தூங்கினாரா, வண்டி சும்மா நின்ற நாள் எத்தனை. இறக்க வேண்டிய சரக்கு ஒன்றரை மணி நேரப் பாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில், சதர்ன் ராக் என்றால்?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1960களின் கடைசியில் ப்ளூஸ், கன்ட்ரி, ராக் மூன்றும் கலந்து உருவான இசை. ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் நகரமும் ஜார்ஜியாவின் மேக்கன் நகரமும் இதன் தொட்டில்கள். 1969ல் ஜாக்சன்வில்லில் சேர்ந்து மேக்கனுக்குக் குடிபோன ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், அதே ஜாக்சன்வில்லின் லினர்ட் ஸ்கினர்ட், 1974ல் அங்கேயே தொடங்கிய .38 ஸ்பெஷல், தென் கரோலைனாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் 1972ல் கிளம்பிய மார்ஷல் டக்கர் பேண்ட் ஆகியவை முக்கியமான பெயர்கள்.

டூருக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றுதான். ஒரு கிட்டார் போதும் என்று இந்தக் குழுக்கள் நிறுத்திக்கொள்வதில்லை. இரண்டு, சில குழுக்களில் மூன்று. கூட ஹாமண்ட் ஆர்கன் என்ற கனமான மின்சாரக் கட்டைக் கருவி ஒன்று. ஆல்மன் பிரதர்ஸுக்கு டிரம்மர்களே இரண்டு பேர். மூன்று பேர் குழு ஒரு வேனில் ஏறிப் போய்விடும். இவர்களுக்கு அது முடியாது. ஆளும் சாமானும் கூடக்கூடச் செலவும் கூடும்.

இன்னொன்று, இவர்கள் பெயர் எடுத்ததே மேடையில்தான். ஆல்மன் பிரதர்ஸ் 1970ஆம் வருஷம் மட்டும் 300 இரவுகளுக்கு அருகே வாசித்தார்கள். அவர்களை நாடறியச் செய்தது 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான நேரடிக் கச்சேரி. வானொலி மறந்துபோன பிறகும் இந்தக் குழுக்களுக்கு டிக்கெட் விற்பதற்கு இதுவே அடிப்படை.

பணம் எங்கே போகிறது?

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 200 இலைக்குப் பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டார். 120 பேர்தான் வந்தார்கள் என்றாலும் 200 இலைக்குப் பணம் உண்டு. கூடுதலாக 100 பேர் வந்தால் அதற்குத் தனிக் கணக்கு. குழுவின் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதுதான்.

கச்சேரியை நடத்தி, லாபநஷ்டத்தைத் தலையில் ஏற்றுக்கொள்பவர் ப்ரொமோட்டர். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அவர் குழுவுக்குக் கொடுத்தாக வேண்டிய தொகை கேரண்டி. அதில் பாதி முன்பணமாக வருவது வழக்கம். டிக்கெட் நன்றாக விற்றால், செலவு போக மிஞ்சுவதில் 85 சதவீதம் என்று ஒரு பங்கும் பேசுவார்கள். கேரண்டி, பங்கு இரண்டில் எது பெரிதோ அதைக் குழு எடுத்துக்கொள்ளும். இதற்கு 'வெர்சஸ்' ஒப்பந்தம் என்று பெயர்.

ஆரம்பத்தில் போட்ட கணக்கையே இப்போது ஒழுங்காகப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். கேரண்டி 40,000 டாலர். வசூல் 1,25,000. அரங்க வாடகை, விளம்பரம், ஒலி-ஒளி, காவல், மேடை ஆட்கள் என்று செலவு 60,000. மிச்சம் 65,000; அதில் 85 சதவீதம் 55,250. இது கேரண்டியைவிடப் பெரிது, ஆகவே குழுவுக்கு 55,250, ப்ரொமோட்டருக்கு 9,750. சரி, பாதி நாற்காலிதான் நிறைந்தது என்றால்? வசூல் 62,500, செலவு போக மிச்சம் 2,500. குழுவுக்கு அப்போதும் 40,000 போகும். ப்ரொமோட்டர் கையைவிட்டு 37,500 போகும். அரங்கு நிறைந்தால் அவருக்குப் பத்தாயிரம்கூடத் தேறவில்லை, பாதி காலியானால் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் நஷ்டம். ப்ரொமோட்டர்கள் ஏன் பீர் கடையிலும் பார்க்கிங்கிலும் கண்ணாக இருக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

குழுவின் 40,000 அப்படியே கைக்கு வருவதில்லை. தேதி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம், மொத்தத் தொழிலையும் பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்கு 15 சதவீதம் என்று வைத்தால் நிற்பது 30,000. வாரம் மூன்று கச்சேரி என்றால் 90,000. பஸ் வாடகையும் ஆட்களின் சம்பளமும் ஏழு நாளுக்கும் ஓடும். டீசல், ஓட்டல், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து வாரச் செலவு 60,000 என்றால் மிஞ்சுவது 30,000. ஆறு பேர் பிரித்தால் தலைக்கு 5,000, அதுவும் வரிக்கு முன்னால். பாடகருக்குத் தொண்டை கட்டி ஒரு கச்சேரி போனால் வரவு 60,000, செலவு 60,000. அந்த வாரம் எல்லோரும் சும்மா வேலை பார்த்தார்கள்.

மழையால் நின்றால் விஷயம் வேறு. குழு வந்து சேர்ந்து வாசிக்கத் தயாராக நின்றிருந்தால் முழு கேரண்டியும் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். ப்ரொமோட்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது அதனால்தான்.

இதுவரை பார்த்தது: டிக்கெட் வசூல் குழுவின் வருமானம் அல்ல, கேரண்டி கூட அல்ல. வாரச் செலவுக்கு மேலே மிஞ்சும் கடைசிக் கச்சேரியின் பணம்தான் வருமானம்.

எங்கெல்லாம் வாசிக்கிறார்கள்?

ஒரே மாதிரி அரங்கமாகப் பார்த்து வாசித்தால் வருஷம் ஓடாது. மாவட்ட, மாநிலக் கண்காட்சிகளில் நுழைவுச் சீட்டிலேயே கச்சேரியும் அடக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை, டிக்கெட் விற்கும் கவலை இல்லை. காசினோக்கள் இன்னும் தாராளம். கலைஞருக்குக் கொடுத்ததை டிக்கெட்டில் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, கச்சேரி முடிந்து வெளியே வரும் கூட்டம் சூதாட்ட மேஜைகளைத் தாண்டித்தானே போக வேண்டும். ஆகஸ்டில் தென் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸில் நடப்பது போன்ற மோட்டார் சைக்கிள் திருவிழாக்கள் இந்த இசைக்குத் தாய்வீடு மாதிரி. கோடையில் 'ஷெட்' என்று தொழிலில் சொல்லப்படும் பாதிக் கூரை போட்ட திறந்தவெளி அரங்கங்கள். அவற்றை நிரப்ப இரண்டு மூன்று பழைய குழுக்கள் சேர்ந்து போவார்கள். லினர்ட் ஸ்கினர்டும் ஸீஸீ டாப்பும் 2023ல் அப்படித்தான் சேர்ந்து கிளம்பினார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஊரில் தேதி கொடுத்தால் சுற்றுவட்டத்தில் இன்ன தூரத்துக்குள், இத்தனை நாளுக்குள் வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்பார்கள். இதுவே சுற்றளவு நிபந்தனை. காசினோ கொடுத்த நல்ல தொகைக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டதால் பக்கத்து நகரத்தின் பெரிய அரங்கம் கைநழுவிப் போவது சாதாரணமாக நடக்கும்.

ரூட்டிங்: ஊர்களைக் கோர்ப்பது

எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் என்று வரிசைப்படுத்துவது ரூட்டிங். வெள்ளி நாஷ்வில், சனி அட்லாண்டா, ஞாயிறு ஜாக்சன்வில் என்றால் நல்ல கோர்ப்பு: முதல் தாவல் 400 கிலோமீட்டர், அடுத்தது ஏறக்குறைய 555. வெள்ளி அட்லாண்டா, சனி சிகாகோ என்றால் 1,150 கிலோமீட்டர், பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. இங்கேதான் சட்டம் குறுக்கே வரும்.

அமெரிக்காவில் பயணிகளை ஏற்றும் பஸ் ஓட்டுநர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். அதற்கு மேல் இரண்டாவது ஓட்டுநர் வேண்டும், அவருக்குத் தனிச் சம்பளம். அட்லாண்டாவில் ராத்திரி 1 மணிக்குக் கிளம்பும் பஸ் காலை 7 மணி வாக்கில் ஜாக்சன்வில் சேரும். மற்றவர்கள் பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநருக்கு மட்டும் ஓட்டலில் அறை, அதுவும் பகலில். கூடவே வந்து பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் டூர் மேனேஜர் முதலில் பதிவுசெய்யும் அறை பாடகருக்கு அல்ல, ஓட்டுநருக்கு. ஓட்டல்காரர் "செக்-இன் மதியம் 3 மணிக்குத்தான்" என்று சொல்லிவிட்டால் அன்று இரவுப் பயணமே ஆபத்து. அதனால் முந்தைய இரவிலிருந்தே அந்த அறைக்குப் பணம் கட்டி வைப்பார்கள்.

வயதும் ரூட்டிங்கை மாற்றுகிறது. எழுபதைத் தொட்ட தொண்டை தொடர்ந்து மூன்று நாள் தாங்காது. இரண்டு கச்சேரி, ஒரு நாள் ஓய்வு என்று கோர்ப்பார்கள். வெள்ளிக்கிழமை விமானத்தில் போய், இரண்டு கச்சேரி வாசித்துவிட்டு ஞாயிறு வீடு திரும்பும் ஏற்பாடும் உண்டு. அதற்கு 'ஃப்ளை டேட்' என்று பெயர். கிட்டார்கள் மட்டும் கூட வரும். ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸ், ஆர்கன் போன்ற மேடைச் சாமான்களுக்குப் பேக்லைன் என்று பொதுப்பெயர். அவற்றை உள்ளூரில் வாடகைக்கு எடுப்பார்கள்.

நகராமலே இருப்பதும் ஒரு வழிதான், கட்டுப்படியானால். ஆல்மன் பிரதர்ஸ் 1989 முதல் 2014 வரை நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் மட்டும் 238 கச்சேரிகள் வாசித்தார்கள். ஒருமுறை மேடை கட்டினால் பல இரவு. கூட்டம் தேடி வரும். இந்த வசதி எல்லாக் குழுவுக்கும் வாய்க்காது.

சுருக்கமாக: நல்ல ரூட்டிங் என்றால் ஒரு ஓட்டுநர், ஒரு இரவு, ஒரு தாவல். அதை மீறும் ஒவ்வொரு கிலோமீட்டரும் குழுவின் பங்கிலிருந்து போகிறது.

பஸ்ஸுக்குள்

45 அடி நீள பஸ். முன்னால் உட்காரும் இடம், நடுவில் மூன்றடுக்குப் படுக்கைகள், வழக்கமாகப் பன்னிரண்டு. சாமானுக்குப் பின்னால் டிரெய்லர். படுக்கைகள் பஸ்ஸின் நீளவாக்கில் இருக்கும். கால்களை ஓட்டுநர் பக்கம் நீட்டித்தான் படுக்க வேண்டும். பிரேக் சட்டென்று பிடித்தால் தடுப்பில் மோதுவது தலையாக இருக்கக் கூடாது. கழிப்பறையில் சிறுநீர் மட்டும். மற்றதற்குப் பெட்ரோல் பங்க் வரும்வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி நாற்றத்தோடு பன்னிரண்டு பேரும் 500 கிலோமீட்டர் போக வேண்டும். ராக் நட்சத்திர வாழ்க்கை என்று ஏங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய விதி இது.

விமானம் இதைவிடச் சொகுசு இல்லையா? 1977 அக்டோபர் 20 அன்று லினர்ட் ஸ்கினர்ட் தென் கரோலைனாவின் கிரீன்வில்லிலிருந்து பேட்டன் ரூஜுக்கு வாடகை கான்வேர் விமானத்தில் பறந்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் கில்ஸ்பர்க் அருகே எரிபொருள் தீர்ந்து விமானம் காட்டில் விழுந்தது. பாடகர் ரானி வான் ஸான்ட், கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவர் அக்காவும் பின்னணிப் பாடகியுமான கேஸி கெய்ன்ஸ், உதவி ரோடு மேனேஜர், இரண்டு விமானிகள் என ஆறு பேர் இறந்தார்கள். வலப்பக்க எஞ்சின் சரியாக ஓடாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடித்திருக்கிறது. விமானிகள் இருப்பைக் கவனிக்கத் தவறினார்கள் என்பது விசாரணை முடிவு. அதே விமானத்தை ஏரோஸ்மித் குழுவினர் முன்பே பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

மேடை நாள்: எது தவறும், ஏன் தவறும்

கச்சேரிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டூர் மேனேஜர் அரங்கத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் உறுதிப்படுத்துவார். கையில் இருப்பது ரைடர்: குழுவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு இணைத்த பட்டியல். சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்து ஊர் சிரிக்கும். முக்கியமானவை மற்ற வரிகள்தான். சாமான் இறக்க எத்தனை ஆள், பஸ் எங்கே நிற்கும், ஏசிக்கு 50 ஆம்ப் மின்சாரம் உண்டா, குளிக்க வெந்நீர் வருமா, மேடைக்கு மின்சாரம் கம்பத்திலிருந்தா ஜெனரேட்டரிலிருந்தா.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஹாமண்ட் பி-3 ஆர்கன், பெடலும் பெஞ்சும் சேர்த்து கிட்டத்தட்ட 190 கிலோ. கூடவே சுழலும் ஹாரன் உள்ள லெஸ்லி ஸ்பீக்கர், அறுபது கிலோவுக்கு மேல். நாலு பேர் இல்லாமல் படியேற்ற முடியாது. முடுக்குவதற்கு இரண்டு சுவிட்ச்: 'ஸ்டார்ட்' என்பதை எட்டு விநாடி பிடித்து, அதை விடாமலே 'ரன்' போட்டு, இன்னும் நாலு விநாடி கழித்து விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் உள்ளே இருக்கும் சக்கரங்கள் வேகம் பிடிக்காது, சத்தம் வராது. அந்தச் சக்கரங்கள் சுற்றும் வேகம்தான் சுருதி. வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். கண்காட்சி மைதானத்து ஜெனரேட்டர் களைத்துப்போய் 59க்கு இறங்கினால் ஆர்கனின் சுருதி அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கும் மேல் இறங்கிவிடும். எலெக்ட்ரானிக் ட்யூனர் வைத்துச் சுருதி சேர்த்த மூன்று கிட்டாரும் மேலே நிற்கும், ஆர்கன் கீழே நிற்கும். கூட்டத்துக்குக் காரணம் தெரியாது, ஏதோ புளித்துப்போன மாதிரிக் கேட்கும். பரிகாரம், ஜெனரேட்டரில் அதிர்வெண் மீட்டரைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்வது. நேரமில்லையென்றால் கிட்டார்களை ஆர்கனுக்கு இறக்குவது.

இன்னொரு தலைவலி, பாடகரின் வயது. இருபத்தைந்தில் எட்டிய உச்சஸ்தாயி எழுபதில் எட்டாது, ஆகவே பல குழுக்கள் எல்லாப் பாட்டையும் அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கின்றன. கிட்டாரிஸ்டுக்குக் கஷ்டமில்லை: எல்லாக் கம்பியையும் சமமாகத் தளர்த்திவிட்டு பழைய விரல்களையே வைக்கலாம். பி-3யில் அப்படித் தளர்த்த எதுவும் இல்லை. ஜி சுருதியில் இருந்த பாட்டு எஃப் ஷார்ப் சுருதிக்கு வந்தால் வெள்ளைக் கட்டைகளில் ஓடிய கைகள் கறுப்புக் கட்டைகளில் ஓட வேண்டும், எத்தனை வருஷப் பழக்கமானாலும். இந்த இரண்டு காரணத்துக்காகவும், முதுகு வலிக்காகவும், பலர் டிஜிட்டல் கீபோர்டுக்கு மாறிவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் சுருதி மாறும். பி-3யின் உறுமல் அதில் முழுசாக வராது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கிட்டார்களுக்கு வெயில்தான் எதிரி. ஏசி பஸ்ஸிலிருந்து வந்த கிட்டார் பெட்டியைப் புழுக்கத்தில் உடனே திறந்தால் கம்பியிலும் மரத்திலும் ஈரம் கோர்க்கும். பெட்டியை மூடியபடியே அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்துவிட்டுத் திறப்பார்கள். மேடையில் நேர்வெயில் பட்டால் கம்பி நீண்டு சுருதி இறங்கும். ஸ்லைடு, அதாவது விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டிக் கம்பியில் இழுத்து வாசிப்பது, அதற்குத் தனிச் சுருதியில், கம்பியை உயர்த்திக் கட்டிய தனிக் கிட்டார். ஒவ்வொருவருக்கும் உபரி ஒன்று. இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்பவர் கிட்டார் டெக்னீஷியன்.

மதியம் நிதானமாக எல்லாக் கருவியையும் வாசித்துப் பார்ப்பது சவுண்ட்செக். திருவிழாக்களில் அது கிடையாது. முந்தைய குழு இறங்கி இருபது, முப்பது நிமிடத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது லைன் செக். லெஸ்லிக்கு மட்டுமே மூன்று மைக். மொத்தம் முப்பது இணைப்புக்கு மேல், நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் பார்த்தாக வேண்டும்.

கணக்கு முடித்தல்

குழு மேடையில் இருக்கும்போதே பின்னறையில் டூர் மேனேஜரும் ப்ரொமோட்டரும் உட்கார்ந்துவிடுவார்கள். இது செட்டில்மென்ட். பார்க்க வேண்டியவை: எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை இலவசமாகப் போனது, விளம்பரச் செலவுக்கு ரசீது இருக்கிறதா, மேடை ஆட்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்ததாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு போலிச் செலவும் குழுவின் 85 சதவீதத்தைக் கடிக்கும். இந்த மேஜையில் மனிதர்கள் நிதானம் இழந்ததும் உண்டு. 1970ல் பஃபலோ நகரில் 500 டாலர் கச்சேரிப் பணத்துக்கான தகராறில் ஆல்மன் பிரதர்ஸின் ரோடு மேனேஜர் கிளப் உரிமையாளரைக் கத்தியால் குத்த, அவர் இறந்துபோனார். பாக்கித் தொகையை மேடையேறும் முன்பே வாங்கிவிட வேண்டும் என்று இன்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

டி-ஷர்ட், தொப்பி விற்பனை தனிக் கணக்கு. அதிலும் அரங்கம் பங்கு கேட்கும், 20 சதவீதம் சாதாரணம். பழைய குழுவின் கூட்டத்துக்குச் சின்ன அளவுச் சட்டைகளை அதிகம் அடித்துவிட்டால் வருஷக்கடைசிவரை டிரெய்லரில் சுமக்க வேண்டியதுதான்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

ஐம்பது வருஷ ஓட்டலில் முதல் சமையல்காரர் இருக்க மாட்டார். பலகை அதே, ருசி அதே என்றால் கூட்டம் வரும். குழுக்களில் அந்தப் பலகை சட்டப்படி ஒரு சொத்து, பங்குதாரர்களும் உண்டு.

லினர்ட் ஸ்கினர்ட் விபத்துக்குப் பத்து வருஷம் கழித்து, 1987ல், ரானியின் தம்பி ஜானி பாட மறுபடி கிளம்பியது. பெயர் விஷயம் நீதிமன்றம்வரை போய், 1988ல் ஓர் உடன்பாடு வந்தது: விபத்துக்கு முன் இருந்தவர்களில் குறைந்தது மூன்று பேராவது இருந்தால்தான் அந்தப் பெயரில் வாசிக்கலாம். ஆனால் மனிதர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 2018ல் பிரியாவிடை டூர் தொடங்கியது. 2023 மார்ச் 5 அன்று தொடக்ககால உறுப்பினர்களில் கடைசியாக மிஞ்சிய கேரி ராஸிங்டன் இறந்த பிறகும் குழு சாலையில் இருந்தது. பிரியாவிடை என்ற சொல் டிக்கெட் விற்க உதவும் என்பது உண்மை; ஆனால் இதை மோசடி என்று சொல்வது அவசரம். ஜானி பாட ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, அண்ணன் பாடியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான காலம். 1996ல் கிட்டாரிஸ்டாக வந்து சேர்ந்த ரிக்கி மெட்லாக், 1970களின் தொடக்கத்தில் இதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்.

ஸீஸீ டாப் டெக்சாஸ் குழு. சதர்ன் ராக் என்ற பெட்டிக்குள் முழுசாக அடங்காது, ஆனால் ஓடுவது இதே சுற்றில்தான். 2021 ஜூலையில் பாஸ் வாசிக்கும் டஸ்டி ஹில் இடுப்பு வலியால் டூரின் நடுவே வீடு திரும்பினார். ஜூலை 23 அன்று இல்லினாய்ஸின் நியூ லெனக்ஸில் அவருடைய இடத்தில் நின்றவர் எல்வுட் ஃபிரான்சிஸ். சில நாளில், 28ஆம் தேதி, டஸ்டி இறந்தார். எல்வுட் அந்த இடத்திலேயே தொடர்ந்தார். அதற்கு முன் ஏறக்குறைய முப்பது வருஷம் அவர் அந்தக் குழுவின் கிட்டார் டெக்னீஷியன். மேடை ஓரத்து இருட்டில் அடுத்த பாட்டுக்கான கிட்டாரைச் சுருதி சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்.